எப்போதும் வெள்ளையாக இருக்கும் இடம்

நரம்பியல் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று கேட்டீர்கள். உங்கள் துறைத் தலைவர் போனில், "மேடம், நல்லா இன்ஸ்பயரிங்கா ஒண்ணு" என்று வேறு சொன்னார். அவர் என்னிடம் படித்தவர். என் குணம் தெரிந்தும் அப்படிக் கேட்டால் அது அவர் தப்பு. பிழைத்து எழுந்து போனவர்களின் கதை எதுவும் எனக்குச் சரியாக நினைவில்லை. அவர்கள் லட்டு கொண்டுவந்தார்கள், நாமும் தின்றோம், அதோடு முடிந்தது. ராத்தூக்கத்தைக் கெடுப்பவர்கள் வேறு ஆட்கள்.

அவர்களில் ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். வைதேகி என்று வைத்துக்கொள்ளுங்கள், பெயரை மாற்றியிருக்கிறேன். கல்யாணமாகாத பெண், திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை. அவளுக்குப் பார்வை போனது. போகாமல் தடுத்திருக்கலாமா என்று அவள் கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது யார், எவ்வளவு சொல்வது, சொன்னால் அது யார் தலையில் விழும் என்பதுதான் விஷயம். மருந்து, ஊசி, அளவு எல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் அந்த இடம். தேர்வுக்காகப் படித்து, தேர்வறையிலேயே அதை விட்டுவிட்டு வந்திருப்பீர்கள். மூளைக்குள் நீர் நிரம்பிய அறைகள் நான்கு. மூளையில் ஓடுகிற ரத்தக் குழாய்களுக்கு இறுக்கமான சுவர் உண்டு. ரத்தத்தில் வருகிற கண்டதும் உள்ளே நுழைய முடியாது. ஆனால் அந்த அறைகளின் ஓரமாகச் சில சின்ன இடங்களில் மட்டும் குழாய்களின் சுவர் வேண்டுமென்றே ஓட்டையாக இருக்கிறது. ரத்தத்தில் என்ன கலந்திருக்கிறது என்று ருசி பார்ப்பதற்காக. உடம்பில் உப்பு கூடிவிட்டதா, தண்ணீர் வேண்டுமா, தின்றதில் விஷம் இருக்கிறதா என்றெல்லாம் அங்கேதான் தெரியவரும். நான்காவது அறையின் தரையில், கீழ்க்கோடியில் இருப்பது ஏரியா போஸ்ட்ரீமா. அரிசி மணி அளவுகூட இருக்காது. விஷம் வந்தால் நம்மை வாந்தி எடுக்க வைப்பது அதன் வேலை. வீட்டில் எல்லா ஜன்னலுக்கும் கண்ணாடி போட்டு அடைத்துவிட்டு, புகை வந்தால் தெரிவதற்காக அடுக்களை ஜன்னலை மட்டும் திறந்து வைப்போமே, அதுபோல. திறந்து வைத்தால் கள்ளனும் அந்த வழியாகத்தானே வருவான்.

ஸ்கேனுக்கு முன் நரம்பில் ஏற்றும் மருந்து ஓட்டையுள்ள இடத்தில்தான் கசியும். கசிகிற இடம் படத்தில் வெள்ளையாகத் தெரியும். மற்ற எங்கே வெள்ளை தெரிந்தாலும் நாம் பயப்பட வேண்டும். இந்த இடங்களில் மட்டும் பயப்படக் கூடாது, ஏனென்றால் இவை எப்போதும் வெள்ளைதான். முதல் வருடத்தில் எல்லாரும் இதைப் பார்த்து அலறுவோம். என் கூடப் படித்த ஒருவன் அலறியதோடு நிற்காமல், நோயாளியிடமே "மூளைத்தண்டில் ஏதோ இருக்கு" என்று சொல்லிவிட்டான். அரசு பஸ் ஓட்டுகிற மனுஷன். அதன் பிறகு அவர் வண்டியைத் தொடவே இல்லை. நிஜத்தில் அவருக்கு ஒரு மண்ணும் கிடையாது. ஆனால் பயம் போகவில்லை, பஸ் ஓடும்போது விழுந்துவிடுவேன் என்று சொல்லிச் சொல்லியே வேலையை விட்டார். ஆகவே, தெரிந்த வெள்ளையைப் பார்த்துப் பதறாதே என்பது நம் தொழிலில் முதல் பாடம். அது நல்ல பாடம்தான். நான் சொல்லப்போகிற சங்கதியில் ஆளைக் கவிழ்த்ததும் அந்த நல்ல பாடம்தான்.

அந்தப் பாடத்தை இந்த ஊரில் பாதிப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர், நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் ஸ்கேன் டாக்டர். நாகர்கோவில்காரர். நான் பாறசாலைப் பக்கம் என்பதால் என்னோடு மட்டும் ஊர்த் தமிழில் பேசுவார். கறுத்த கண்ணாடி போட்ட அறையில் நாள் முழுக்க உட்கார்ந்து படம் பார்ப்பார், பக்கத்தில் ஒரு பொட்டலம் மரச்சீனிக் கிழங்கு வற்றல். அவர் கண்ணுக்குத் தப்பியது என்று ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை. நாங்கள் நோயாளியைத் தட்டிக் குத்தி முழங்கால் அடித்துப் பார்த்துவிட்டு என்னவென்று தெரியாமல் அவர் அறைக்குப் போவோம். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அங்க என்ன பாத்திய, இங்க பாருங்க" என்பார். நான் அவரைச் சாரே என்றுதான் கூப்பிடுவேன். எனக்கு அவர்மேல் மரியாதை என்பதைவிடப் பொறாமை என்று சொன்னால் சரியாக இருக்கும்.

ஒரு மழைநாளில் வைதேகியை அவள் அம்மா கையைப் பிடித்து என் அறைக்குக் கூட்டிவந்தார். தம்பானூரில் தண்ணீர் தேங்கி ஆட்டோ சுற்றி வந்ததாகச் சொல்லி, சேலை ஓரத்தைப் பிழிந்துகொண்டே உட்கார்ந்தார். வலியசாலை அக்ரஹாரத்துக்காரர்.

"டாக்டர், இவளுக்குக் கண்ணு தெரியலை. முந்தாநேத்திக்கு வலது கண்ணு மங்கல்னா. கார்த்தால எழுந்தா இடதும் மங்கிண்டு வரது. கண்ணை அசைச்சா வலிக்கறதுங்கறா. ஆத்துல எல்லாரும் மதுரைக்குக் கொண்டு போங்கோ, கண்ணு ஆஸ்பத்திரிக்குப் போங்கோங்கறா. நான்தான் ஒரு தடவை நரம்பு டாக்டரைப் பார்த்துடலாம்னு…"

கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். வலது பக்கம் வெளிச்சத்துக்கு அசையவே இல்லை. முன்னால் ஏதாவது நோய் உண்டா என்று கேட்டேன். ரெண்டு மாதத்துக்கு முன் விடாமல் வாந்தி எடுத்தாள் என்று அம்மா சொன்னார். வயிற்று டாக்டரிடம் காட்டினார்கள், குழாய் விட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. போன இடத்திலெல்லாம் முதலில் செய்தது கர்ப்பப் பரிசோதனை. அதிலும் ஒன்றும் இல்லை. பிறகு எங்கள் ஆஸ்பத்திரியிலேயே மனநல டாக்டர் பார்த்து, எதற்கும் இருக்கட்டும் என்று தலையில் ஒரு ஸ்கேன் எடுத்து, அது நார்மல் என்று வந்ததும் மாத்திரை கொடுத்திருக்கிறார். சில நாளில் வாந்தி தானாக நின்றது. மாத்திரைக்கு நல்ல பெயர் கிடைத்தது.

"வாந்தியோட விக்கலும் இருந்துதா?" என்று கேட்டேன்.

"விக்கலா? அதெல்லாம் ஒண்ணுமில்லை, கேட்டேளா. ஆருக்குத்தான் விக்காது? நீங்க கண்ணைப் பாருங்கோ" என்றார் அம்மா. அவ்வளவு அவசரமாக ஒருவர் இல்லை என்று சொன்னால், பிள்ளைகளே, உங்கள் காது நிமிர வேண்டும். வைதேகி எதிரே இருக்கிற சுவரைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தாள்.

அம்மாவைக் கான்டீனிலிருந்து மகளுக்குச் சூடாக ஏதாவது வாங்கி வரச் சொல்லி அனுப்பினேன். கதவு சாத்தியதும் திரும்பவும் கேட்டேன்.

"இருந்தது டாக்டர். வாரக்கணக்கா நிக்கவே இல்லை. பேசினா விக்கல், முழுங்கினா விக்கல். கிளையண்ட் கால்ல பேச முடியாம மேனேஜர் லீவு எடுத்துக்கோன்னுட்டார்."

"டாக்டர்மாருட்ட ஏன் சொல்லல்ல?"

அவள் கொஞ்ச நேரம் துப்பட்டாவின் நுனியைச் சுருட்டினாள். "அப்போ எங்க சித்தி ஆத்துல கல்யாணம். வந்தவாள்லாம் 'ஆருடி உன்னை இப்படி விடாம நெனைச்சுண்டிருக்கான்'னு கேலி பண்ணினா. நானும் சிரிச்சேன். அப்பறம் அது கேலியா இல்லை. ஆபீஸ்ல ஒரு பையன் இருக்கான், அவன்தான்னு தெருவுல பேச்சாயிடுத்து. அந்த சமயத்துல வாந்தியும் ஆரம்பிச்சுடுத்தோல்லியோ… கேக்கவே வேண்டாம். அம்மா அழுதா. ஆஸ்பத்திரியில விக்கல்னு வாயைத் திறக்காதே, அங்கயும் ஆரு ஆருன்னு கேப்பான்னு சத்தியம் வாங்கிண்டுட்டா."

"அப்படி யாராவது உண்டா?"

"இருந்தா இப்போ வந்து கையையாவது பிடிச்சிருப்பானே டாக்டர்" என்றாள்.

விக்கினால் யாரோ நினைக்கிறார்கள் என்று நாம் எல்லாரும் சொல்வதுதான். நானே என் தங்கையிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அதில் கெட்ட எண்ணம் என்ன இருக்கிறது? ஆனால் அந்த விளையாட்டுப் பேச்சு ஒரு பெண்ணின் வாயை மூடிவிட்டது.

நீங்கள் இப்போது எழுந்து நின்று நோயின் பெயரைச் சொல்லத் துடிப்பீர்கள் என்று தெரியும். சரி, அதுதான். நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா. உடம்பே தன் நரம்பின்மேல் பாயும் வியாதி. கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தின்பதற்கு முன்னால் சில பேருக்கு அது அந்தத் திறந்த ஜன்னல் வழியாகத்தான் தலை காட்டும். நிற்காத விக்கல், காரணமில்லாத வாந்தி. பிறகு தானே அடங்கும். அடங்கியதும் எல்லாரும் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். அந்த நிம்மதியில்தான் அடுத்த அடி விழும்.

அம்மா திரும்பி வந்ததும் இன்றைக்கே சேர்க்க வேண்டும் என்றேன். மதுரைக்குக் கார் சொல்லியாச்சு என்று அவர் மறுத்தார். ரத்தப் பரிசோதனை முடிவு வர நாள் ஆகும், அது வந்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும், ஆனால் மருந்தை இப்போதே ஆரம்பிக்க வேண்டும் என்று விளக்கினேன்.

"உறுதியாத் தெரியாமலே மருந்தா?"

எனக்குப் பொறுமை எப்போதும் போதாது. "அம்மா, மதுரை போய்ச் சேருகதுக்குள்ள இடது கண்ணும் போயிரும். அங்க உள்ளவங்களும் கண்ணைப் பாத்திட்டு நரம்பு டாக்டரைப் பாருங்கன்னுதான் சொல்லுவாங்க. நீங்க திரும்பி வருவீங்க. கண்ணு திரும்பி வராது" என்று கத்திவிட்டேன். அந்த அம்மா விசும்பி அழுதார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கார் ரத்தானது.

அவளை வார்டில் படுக்க வைத்து மருந்து ஏற்ற ஆரம்பித்தபின், பழைய ஸ்கேனைக் கம்ப்யூட்டரில் எடுத்துப் பார்த்தேன். நான்காவது அறையின் தரையில் அந்த வெள்ளை இருந்தது. இருக்க வேண்டியதுதான். ஆனால் இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் அகலம். ஓரம் கலங்கியிருந்தது. மருந்து ஏற்றாமல் எடுத்த படத்திலும் அங்கே லேசான வெளுப்பு. முடிவு தெரிந்தபின் பார்க்கிற கண்ணுக்கு எல்லாம் தெரியும், அதையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் முதலில் வந்திருந்தால் நான் பார்த்திருப்பேன் என்று சத்தியம் பண்ண மாட்டேன். ரிப்போர்ட்டின் கீழே சாருடைய கையெழுத்து.

அவர் அறைக்குப் போனேன். வற்றல் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினார். நான் எடுக்கவில்லை. படத்தைத் திரையில் போட்டேன். பெயரைப் பார்த்தார். ரிப்போர்ட்டைப் பார்த்தார். பிறகு படத்தை முன்னும் பின்னும் ஓட்டி, அந்த இடத்தில் நிறுத்தினார். அவ்வளவு நேரம் ஒரே படத்தை அவர் பார்த்து நான் கண்டதில்லை.

"நான் இதைக் கண்டேன், டாக்டரே. காணாம விடல்ல. கண்டுட்டு விட்டேன்" என்றார்.

"அந்த எடம் எப்பவும் அப்படித்தானே சாரே" என்றேன். அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

"மருந்து போட்டா வெளுக்கும். அதுனால விட்டேன். மருந்து போடாத படத்துல உள்ளது அந்த அறைக்குள்ள தண்ணி ஓடுகதுனால வரப்பட்ட பொய் வெளுப்புன்னு விட்டேன். ரெண்டு காரணமும் சரி. ரெண்டும் ஒரே எடத்துல வந்தா என்னன்னு நிக்கல்ல. இப்ப பிள்ளைக்கு என்ன?"

சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "விக்கல் உண்டா?"

"உண்டு. நல்லா உண்டு."

மனநல டாக்டர் அனுப்பிய கோரிக்கைச் சீட்டைத் திரையில் கொண்டுவந்தார். வாந்தி, மனம் சார்ந்ததாக இருக்கலாம், வேறு ஏதும் இல்லையென்று உறுதிசெய்யவும். அவ்வளவுதான். விக்கல் என்ற வார்த்தை இல்லை. எப்படி இருக்கும்? அதை எழுதியவரிடம் யாரும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதையும் சாரிடம் சொன்னேன். கல்யாண வீட்டுக் கேலி, அம்மா வாங்கிய சத்தியம், எல்லாம். உண்மையைச் சொன்னால், அவருக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். பாதிப் பாரம் இறங்குமே.

அவர் தலையை ஆட்டினார். "விக்கல்னு எழுதியிருந்தா நான் அந்த எடத்துல நின்னிருப்பேன். அது நிச்சயம். அப்பம் எழுதல்லேன்னா நான் எதுக்கு இருக்கேன்?"

நான் வார்டுக்குத் திரும்பினேன்.

நாங்கள் செய்யக்கூடியதெல்லாம் செய்தோம். மருந்து ஏற்றினோம், ரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றினோம். ரத்தப் பரிசோதனை நான் பயந்தபடியே வந்தது. வலது கண்ணில் இருட்டு எது வெளிச்சம் எது என்பதற்குமேல் ஒன்றும் மிஞ்சவில்லை. இடது கண்ணில், முகத்துக்கு நேரே பிடித்தால் விரலை எண்ணுவாள். அதற்குமேல் வரவில்லை. வராது என்பது எனக்குத் தெரிந்த நாளில், அவளுக்கும் எப்படியோ தெரிந்துவிட்டது.

ரவுண்ட்ஸ் போனபோது கேட்டாள். அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து அவளுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தார்.

"டாக்டர், வாந்தி எடுத்தப்போ தலையில ஒரு ஸ்கேன் எடுத்தாளே, அதுலயே இது இருந்ததா? அப்போவே தெரிஞ்சிருந்தா எனக்குக் கண்ணு போயிருக்காதோ?"

பின்னல் நின்றது. இரண்டு பேரும் என் வாயைப் பார்த்தார்கள் என்று சொல்ல வருகிறது. ஒருத்தி பார்க்கவில்லை. என் குரல் வரும் பக்கம் முகத்தைத் திருப்பிக் காத்திருந்தாள்.

அன்று காலைதான் ஆஸ்பத்திரியின் மெடிக்கல் டைரக்டர் என்னைக் கூப்பிட்டு, "மேடம், அசுகம் பின்னீடு வந்நதாணு. அத்ரயும் பறஞ்ஞா மதி" என்று சொல்லியிருந்தார். நோய் பிறகு வந்தது, அவ்வளவு சொன்னால் போதுமாம். இன்னொரு வழியும் எனக்கு இருந்தது. விக்கலை நீங்கள் மறைத்ததால்தான் எங்களுக்குத் தெரியவில்லை என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் அந்த அம்மாவின் கை இன்னும் மகளின் தலைமுடியில் இருந்தது. நான் சொல்கிற ஒரு வாக்கியத்தோடு அந்தக் கை என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக, "நாளைக்குச் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

நேரே கீழே போய் சாரிடம் சொன்னேன். அவர் மறுநாள் வார்டுக்கு வந்தார். ஸ்கேன் டாக்டர்கள் வார்டுக்கு வருவதில்லை, உங்களுக்கே தெரியும். நர்ஸுகளுக்கு அவர் யாரென்றே தெரியவில்லை. வழி கேட்டுக் கேட்டு வந்து கட்டில் பக்கத்தில் நின்று, எங்கள் ஊரில் பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டார்.

"மக்களே, நான்தான் உன் முதல் படத்தைப் பாத்தவன். நீ கேட்டியாமே. அதுல இருந்துது. நான் கண்டேன். கண்டுட்டு, சாதாரணம்தான்னு நெனச்சு விட்டுட்டேன். அப்பவே சொல்லியிருந்தா மருந்து தொடங்கியிருப்பாங்க. கண்ணு பெரும்பாலும் தப்பியிருக்கும். தப்பு என்னுடையதாக்கும்."

அம்மா எழுந்தார். அந்த அம்மா பேசியதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அக்ரஹாரத்தில் அப்படியும் வார்த்தைகள் உண்டா என்று வார்டே திரும்பிப் பார்த்தது. கடைசியில் மூச்சு வாங்க, "நாங்க என்ன குறை வெச்சோம்? கேட்ட டெஸ்டெல்லாம் எடுத்தோமே, சொன்ன இடத்துக்கெல்லாம் போனோமே, எங்க பக்கம் என்ன குறை, சொல்லுங்கோ!" என்று கேட்டார்.

நான் சாரின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு விக்கல் கதை முழுக்கத் தெரியும்.

"நீங்க ஒரு குறையும் வைக்கல்லம்மா" என்றார்.

வெளியே வந்ததும் வராந்தாவில் அவரைப் பிடித்து உலுக்காத குறையாகக் கேட்டேன். உங்களுக்குக் கிறுக்கா, பாதிப் பழியையாவது இருக்கிற இடத்தில் வைக்க வேண்டாமா என்று. அவர் சொன்னார், "அந்தம்மா இனி காலம் பூரா அந்தப் பிள்ளையைக் கையைப் பிடிச்சு நடத்தணும். நம்மாலதான் இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சா அவங்களுக்கு எந்திச்சு நிக்கவே முடியாது. பொறவு ஆரு நடத்துவா?"

அம்மா புகார் கொடுத்தார். கொடுக்க வேண்டியதுதான், எனக்கு அதில் வருத்தமில்லை. விசாரணைக்கு ஒரு குழு போட்டார்கள். சார் ஒரே பத்தியில் எழுதிக் கொடுத்தார்: பார்த்தேன், தவறாக மதிப்பிட்டேன். சீட்டில் விக்கல் குறிப்பிடப்படவில்லை என்ற ஒரு வரியைச் சேர்த்திருந்தால் அவர் பாதி தப்பியிருப்பார். சேர்க்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழு என்னையும் கூப்பிட்டிருந்தது. நான் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். முப்பது வருடம் அடுத்தவன் உயிரைக் காப்பாற்றிய மனுஷன், ஒரு கல்யாண வீட்டுக் கேலிக்காகத் தலை குனிந்து போவதா?

அதற்கு முன்னால் வைதேகி பரிசோதனைக்கு வந்தாள். இந்த முறை அம்மாவை வெளியே அனுப்பியது அவள்தான். பார்மஸியில் ஏதோ மாத்திரை விட்டுப்போச்சு என்று சொல்லி அனுப்பினாள்.

"டாக்டர், நீங்க முதல் நாளே கண்ணைப் பார்த்துட்டு விக்கல் இருந்ததான்னுதான் கேட்டேள். நான் அதையே நெனைச்சுண்டிருக்கேன். விக்கல்னு நாங்க சொல்லியிருந்தா அந்த டாக்டர் அப்போவே கண்டுபிடிச்சிருப்பாரோல்லியோ?"

இவளிடம் ஒரு தடவை நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லி ஓடியிருக்கிறேன். இரண்டாவது தடவை ஓட முடியாது. "ஆமாம்" என்றேன்.

"அவருக்கு அது தெரியுமா?"

"தெரியும். உன் அம்மா முன்னால நின்னப்பவே தெரியும்."

அவள் அழுதாள். கண் வேலை செய்யாவிட்டாலும் கண்ணீருக்கு ஒன்றும் ஆவதில்லை. எனக்கு இத்தனை வருடம் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் பார்க்க முடியவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அம்மா தினம் விளக்கேத்திட்டு அவரைச் சபிக்கறா. கேக்கவே பாவமா இருக்கும். ஆனா அதை நிறுத்தினா அம்மா தன்னைத்தான் சபிச்சுப்பா. அவளுக்கு இது தெரியவே வேண்டாம் டாக்டர். ஆர்ட்டயும் சொல்லிடாதேள். கமிட்டியிலயும் வேண்டாம். நான் உங்களை நம்பித்தான் அன்னிக்கு விக்கலைப் பத்திச் சொன்னேன்."

அந்தக் கடைசி வாக்கியம் என்னைக் கட்டிப்போட்டது. நோயாளி என்னை நம்பிச் சொன்னது என்னுடைய சொத்து இல்லை. என் சிநேகிதனைக் காப்பாற்றக்கூட அதை நான் எடுக்க முடியாது. இது உங்களுக்கு உறுதிமொழி நாளில் சொல்லிக்கொடுப்பதுதான். சொல்லும்போது சுலபமாக இருக்கும்.

அன்று சாருக்குப் போன் செய்து அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"திட்டட்டும்" என்றார். "அதுல அவங்களுக்கு ஒரு பலம் கிட்டும்னா திட்டட்டும் டாக்டரே. எனக்கு நல்லா வேணும்."

விசாரணையில், நோயாளியின் முந்தைய உபாதைகள் ஸ்கேன் டாக்டருக்குச் சரியாகத் தெரிவிக்கப்பட்டதா என்று என்னைக் கேட்டார்கள். என் நோயாளி என்னிடம் தனியாகச் சொன்ன எதையும் அவள் அனுமதி இல்லாமல் இங்கே பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். சாரைப் படம் பார்க்கும் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவர் நாகர்கோவிலுக்கே போய்விட்டார். மற்ற ஆஸ்பத்திரிகள் கூப்பிட்டன, போகவில்லை. நான் ஒருமுறை போய்ப் பார்த்தேன். டிவியைக்கூடப் போட மாட்டேன் என்கிறார் என்று அவர் மனைவி சொன்னார். படம் என்று எதையும் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை.

இதிலிருந்து உங்களுக்கு என்ன பாடம் என்று கேட்பீர்கள். நோயாளி கேலிக்குப் பயந்து மறைப்பதைத் தனியாகக் கேளுங்கள், கூட வந்தவரைக் காபி வாங்க அனுப்பிவிட்டுக் கேளுங்கள். அனுப்புகிற சீட்டில் அதை எழுதுங்கள், அற்பமாகத் தெரிந்தாலும் எழுதுங்கள். நன்றாகத் தெரிந்த இடத்தில் இன்னும் ஒரு நிமிடம் நில்லுங்கள். இதையெல்லாம் நீங்கள் செய்தாலும் உங்களுக்கும் ஒரு வைதேகி வருவாள். அவள் கேட்கும்போது யாரை அனுப்பலாம் என்று தேடாதீர்கள், நீங்களே போங்கள்.

நான் ஓய்வு பெற்ற பிறகும் அவர்கள் இரண்டு பேரும் என் வீட்டுக்கு வருவார்கள். மருந்து ஒழுங்காகப் போகிறது, நோய் திரும்ப வரவில்லை. பேசுகிற கம்ப்யூட்டரை வைத்து வைதேகி ஏதோ வேலை பழகுகிறாள். பழைய சம்பளம் இல்லை, பழைய சிரிப்பும் இல்லை. போன மழைக்காலத்தில் சார் இறந்துபோனார். வைதேகிக்கு நான் போனில் சொன்னேன். "அம்மாட்ட சொல்லிடாதேள்" என்றாள்.

அதற்குப் பின் வந்தபோது, கிளம்புகிற நேரத்தில், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அம்மா கேட்டார். "அந்த மனுஷன் எங்க இருக்கான் டாக்டர்? நன்னா இருக்கானா?"

"இருக்கார்" என்றேன். "நல்லா இருக்கார்."

"இருக்கட்டும், இருக்கட்டும். என் கொழந்தை படறதைக் கேட்டுண்டு நூறு வயசு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா மகளின் தோளை இறுகப் பிடித்து, ஒவ்வொரு படியாகச் சொல்லிச் சொல்லி இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார்.